ராசியான வீடு விலைக்கு

"ஓட்டுல பாதி ஒடைஞ்சி கெடக்கு. உத்தரத்த கரையான் அரிச்சிருக்கு. கெணத்துல தண்ணி பாதாளத்துல நிக்குது. தரகரே, இந்த வீட்டத்தான் நீங்க எனக்கு வாடகைக்கு முடிச்சுக் குடுக்கணும்" என்றார் பெரியதம்பி.

தரகர் சீனுவாசனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குறை சொல்லி விலையைக் குறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறார். குறையும் சொல்லிக் கையையும் பிடித்துக் கெஞ்சுகிறவரை அன்றுதான் பார்த்தார்.

பெரியதம்பி விவரம் தெரியாதவர் அல்ல. விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்குப் பின்னால் மூன்று வீடு கட்டி ரயில்வேக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். மழைக்கு முன்னால் ஓடு மாற்றுவது, பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிப்பது, கிணற்றுக் கயிறு அறுந்தால் குடித்தனக்காரர்கள் போடும் சண்டையைத் தீர்ப்பது எல்லாம் அவருக்கு அத்துப்படி. திண்டிவனத்து இந்த ஓட்டு வீட்டை வேறு சமயமாக இருந்தால் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

ஆனால் கல்யாணமாகி ஒன்பது வருஷமாகியும் அவர் மனைவி பாஞ்சாலிக்குக் குழந்தை இல்லை. திருவெண்ணெய்நல்லூரில் அவருடைய அம்மா இரண்டாம் தாரத்துக்குப் பெண்ணே பார்த்துவிட்டாள். தை பிறந்தால் பரிசம். பாஞ்சாலி இருக்கும் வீட்டில் இன்னொருத்தியைக் கொண்டுவர அவருக்கு மனசே இல்லை. அவள் மேல் அவ்வளவு பிரியம்.

"நான் சும்மா சொல்லலண்ணே. இந்த வீட்டுக்குக் குடி வந்தவங்க ஒருத்தர்கூட கொழந்த இல்லாம காலி பண்ணதில்ல. நீங்களே பாருங்க" என்று வாசலைக் காட்டினார் தரகர்.

அன்றைக்குத்தான் காலி செய்துகொண்டு போகும் குடித்தனக்காரர் வண்டியில் பாத்திர மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தார். பின்னாலேயே அவர் மனைவி கைக்குழந்தையோடு வந்தாள்.

"குடி வரும்போது நீங்க ரெண்டு பேருதாங்களா?" என்று கேட்டார் பெரியதம்பி.

"ஆமாங்க. ஏழு வருஷம் ஏங்கினோம். இங்க வந்துதான் பொறந்தான்."

பெரியதம்பி குழந்தையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதற்குள் வீட்டுக்காரி சவுரியம்மாள் பக்கத்து வீட்டிலிருந்து வந்தாள். நரைத்த தலை, வெள்ளைச் சேலை, கிட்டே வந்தாலே கார்பாலிக் சோப்பு வாசனை. குழந்தையை வாங்கிக் கொஞ்சி, நெற்றியில் சிலுவை போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"வாடகைக்குத்தான தம்பி? மொதல்ல வீட்டம்மாவ கூட்டிக்கினு வாங்க. பாத்துட்டு சொல்றேன்."

"அவளுக்கு பஸ் நாத்தமே ஆவலம்மா. அதான் நான் வந்திருக்கேனே."

"நீங்க வந்து இன்னா பண்றது? பொம்பளையப் பாக்காம நான் யாருக்கும் வுடறதில்ல. போன வாரம் ஒரு குமாஸ்தா ரெட்ட வாடகை தர்றேன்னாரு. அவரு சம்சாரத்தப் பாத்தேன். இல்லன்னு அனுப்பிட்டேன்."

பெரியதம்பி அவசரமாக யோசித்தார். பாஞ்சாலியையும் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லிவிட்டால்? இருக்கிற ஒரே வழியும் அடைபட்டுப் போகுமே.

"வாடகை வேணாம்மா. வெலைக்கே குடுத்துடுங்க" என்றார். கூடவே ஒரு விலையும் சொன்னார். தரகருக்கே வாய் பிளந்துகொண்டது.

சவுரியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "தம்பி, இதுல ஒண்ணும் இல்ல. நாலு செவுரும் ஓட்ட ஓடும்தான். இந்தப் பணத்துக்கு நான் எதிர் வீட்ட வாங்கிப் புது ஓடும் போட்டுடுவேன். யோசிச்சிக்குங்க."

தரகர் அவசரமாக இருமினார். "அவரு எல்லாம் யோசிச்சிட்டாரும்மா. நீங்க ஆவட்டும்னு சொல்லுங்க."

விலையை ஏற்றத்தான் கிழவி இப்படிப் பேசுகிறாள் என்று முடிவு கட்டிய பெரியதம்பி மேலும் கொஞ்சம் ஏற்றினார். விழுப்புரத்து வீடுகளில் இருந்ததிலேயே நல்ல வீட்டை விற்றார். பத்திரம் பதிந்து சாவியும் கைக்கு வந்துவிட்டது.

"ஒரு வருஷம் நாம இருப்போம் பாஞ்சாலி. அப்புறம் வாடகைக்கு வுட்டா சனங்க வந்து மொய்ப்பாங்க பாரு" என்று விழுப்புரத்தில் தாங்கள் குடியிருந்த வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பாஞ்சாலி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் எங்கே கேட்டார்?

பால் காய்ச்சுகிற நாளும் வந்தது. திண்டிவனம் ஸ்டேஷனிலிருந்து வந்த ஜட்கா வண்டி, தரகர் காத்திருந்த வீட்டு வாசலில் நின்றதுமே பெரியதம்பி குதித்து இறங்கினார்.

"ஜல்தியா எறங்கு. வலது கால எடுத்து வெச்சி வா. நல்ல நேரம் போயிடப் போவுது."

பாஞ்சாலி இறங்கி, தலை சுற்றி, ஜட்காச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சவுரியம்மாள் விறுவிறுவென்று வந்து அவள் கண் இமையை இழுத்துப் பார்த்தாள். மணிக்கட்டைப் பிடித்தாள். காதோடு காதாக என்னவோ கேட்டாள்.

பாஞ்சாலி வெட்கத்தோடு தலையாட்டிவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள். "மூணு மாசம் முடியிற வரைக்கும் யாருகிட்டயும் மூச்சு வுடாதன்னு எங்கம்மா சொல்லிச்சிங்க. இந்த வாரத்தோட முடியுது. அதான் உங்ககிட்ட சொல்ல வந்தேன், நீங்க எங்க கேட்டீங்க?"

பெரியதம்பி நடுத்தெரு என்றும் பார்க்காமல் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"பாத்தீங்களா தரகரே, வாங்கினா இந்த மாதிரி வீட்ட வாங்கணும். அவ இன்னும் உள்ள கால்கூட வெக்கல" என்றார்.

"அய்யோ தம்பி, நான் மருத்துவச்சி" என்றாள் சவுரியம்மாள். "ராத்திரி பகல்னு ஊரெல்லாம் ஓட ஒடம்புல தெம்பு இல்ல. அதனால மாசமா இருக்கிறவங்களாப் பாத்துதான் பக்கத்து வீட்ட வுடுவேன். அன்னிக்கே வீட்டம்மாவக் காட்டியிருந்தா வாடகைக்கே குடுத்திருப்பனே."