பிரித்துப் போட்ட சட்டைக்கை

“இதையும் பிரிச்சிடு” என்றாள் மார்லிஸ்.

ஜோலீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து இது மூன்றாவது தடவை.

அமெரிக்காவின் டுலூத் நகர ஆஸ்பத்திரியில், ஆபரேஷனுக்கு உள்ளே போனவர்களின் வீட்டார் காத்திருக்கும் அறை அது. உள்ளே போயிருப்பது ஜோலீனின் கணவர் கர்ட். இதயத்தில் நாலு அடைப்பு. நெஞ்சைத் திறந்து செய்யும் ஆபரேஷன், ஐந்து மணி நேரம் ஆகும் என்றிருந்தார்கள். மார்லிஸ், கர்ட்டின் கூடப்பிறந்த அக்கா. விடிவதற்கு முன்பே பனியில் நாற்பது மைல் காரோட்டி வந்து, நீங்கள் எதற்கு அலைகிறீர்கள் என்று ஜோலீன் சொன்னதையும் காதில் போட்டுக்கொள்ளாமல், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜோலீனின் மடியில் குரோஷா பின்னல். வெண்ணெய் நிறப் பருத்தி நூலில் மெல்லிசாக ஒரு மேல்சட்டை. பொத்தான் கிடையாது, முன்பக்கத்தை ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றி இடுப்பில் முடிந்துகொள்ள வேண்டியதுதான். ஜூன் மாதம் ஏரிக்கரையில் மகனுக்குக் கல்யாணம், சாயங்காலக் காற்றுக்கு ஆகும் என்று ஆரம்பித்தது. இடது கைதான் பாக்கி. கை முழுக்கச் சிப்பி சிப்பியாக, ஓட்டை விட்டு ஓட்டை விட்டுப் போகிற லேஸ் வேலை. ஒரு சிப்பி இடம் மாறினாலும் அதற்கு மேல் எல்லாம் கோணிக்கொள்ளும்.

ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது கர்ட், நான் வெளியே வருவதற்குள் அந்தக் கையை முடித்து வை என்று கிண்டலாகத்தான் சொன்னார். ஜோலீன் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கை முடிந்தால் மனிதர் பிழைத்துவிடுவார் என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

அதற்குத்தான் உலை வைத்தாள் நாத்தனார்.

முதலில் பன்னிரண்டு வரிசை ஏறியபோது எட்டிப் பார்த்து, இரண்டாம் வரிசையில் ஒரு சிப்பி தள்ளி விழுந்திருக்கிறது என்றாள். ஜோலீனுக்கு எதுவும் தெரியவில்லை. கண்ணில் நீர் கட்டிக்கொண்டு நிற்கும்போது சிப்பி எங்கே தெரியும்? ஆனாலும் வருஷாவருஷம் நடக்கும் ஊர்க் கண்காட்சியில் பின்னலுக்கு ஏழு வருஷம் முதல் பரிசு வாங்கியவள் சொல்லும்போது இல்லையென்று எப்படிச் சொல்வது? பிரித்தாள். அடுத்த தடவை ஐந்தாம் வரிசை தப்பு என்றாள். அதையும் பிரித்தாள்.

ஐந்து மணி நேரம் என்றது ஆறைத் தாண்டிவிட்டது. உள்ளேயிருந்து ஒரு தகவலும் இல்லை. இப்போது மறுபடியும்.

“மார்லிஸ், உள்ள கிடக்கிறது உங்க தம்பி” என்றாள் ஜோலீன். “ஒரு சிப்பி கோணலா இருந்தா இப்ப குடியா முழுகிடும்?”

“கல்யாண போட்டோவுல காலத்துக்கும் தெரியும். முதல் வரிசையே தப்பு. பிரி.”

எதிரே உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளுக்கே பொறுக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜோலீன் வெடுக்கென்று நூலை இழுத்தாள். இவளுக்கு நெஞ்சில் இருப்பது ஈரமா, கல்லா? தம்பி உயிர் ஊசலாடுகிறது, இவள் சிப்பி எண்ணிக்கொண்டிருக்கிறாள். கர்ட் மட்டும் நல்லபடியாக வரட்டும், அப்புறம் இந்த ஜென்மத்தை வாசற்படி ஏற்றுவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்தாள். இனி எவளாவது குற்றம் சொல்லட்டும் பார்க்கலாம் என்று ஒவ்வொரு சிப்பியையும் வாய்விட்டு எண்ணினாள்.

ஆறாம் வரிசையில் இருந்தபோது எதிரே யாரோ வந்து நின்றார்கள். நிமிர்ந்தால், பச்சைத் தொப்பியோடு டாக்டர்.

“நல்லபடியா முடிஞ்சுது. கொஞ்சம் கூடுதலா நேரம் பிடிச்சுது, அவ்வளவுதான். இன்னும் ஒரு மணி நேரத்துல போய்ப் பார்க்கலாம்.”

ஜோலீன் அழுதாள், சிரித்தாள், டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல் இறங்கிவிட்டது. மணி இரண்டேகால் ஆகியிருந்தது. இவ்வளவு நேரம் எப்படிப் போனதென்றே தெரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் கோபம்கூடப் பாதி கரைந்துபோயிற்று. பின்னலைத் தூக்கி நாத்தனாரிடம் காட்டி, இப்போதாவது சரியாக வந்திருக்கிறதா என்று கேட்டாள்.

மார்லிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“முதல் தடவையே சரியாத்தான் இருந்துச்சு.”

ஜோலீன் பின்னலை மடியில் இறக்கினாள்.

“மூணு தடவையுமே சரிதான். நீ வேகமாப் பின்னுறவ, பதினோரு மணிக்கெல்லாம் கையை முடிச்சிருப்ப. அப்புறம் அந்தச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்ப. நாலு வருஷம் முன்னாடி ஆர்னி உள்ள இருந்தப்ப, இதே ரூம்ல தனியா நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த அவஸ்தைக்கு நீ என்னைத் திட்டிக்கிட்டு இருக்கறதே மேல்னு விட்டுட்டேன்.”

ஆர்னி, மார்லிஸின் கணவர். இப்போது கல்லுக்குண்டாகத்தான் இருக்கிறார். அவருக்கு நெஞ்சைத் திறந்த அன்று ஜோலீனும் கர்ட்டும் புளோரிடா கடற்கரையில் இருந்தார்கள். பாதியில் கிளம்ப மனசு வராமல், ஒரு பூங்கொத்தை அனுப்பி வைத்ததோடு சரி.

அந்தப் பூங்கொத்துக்கு நன்றி சொல்லி, மார்லிஸ் தன் கைப்பட ஒரு கார்டு எழுதிப் போட்டிருந்தாள். அவர்கள் வராததைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.