ஷிப்ட் தூக்கம்

வீட்டுக்கார அம்மா கங்கம்மாள் இப்படிச் சொல்வாள் என்று வேல்ராஜ் நினைக்கவே இல்லை.

கோர்ட்டிலிருந்து வீடு பார்க்க வந்திருந்த மெர்சி மேடம் அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றினார். பூட்டைக்கூட இன்னும் திறக்கவில்லை. ஆள் எப்படி என்று கங்கம்மாளிடம் சும்மா ஒரு வார்த்தை கேட்டார், அவ்வளவுதான்.

“நல்ல புள்ளதான் மேடம். ஆனா ஷிப்டுக்குப் போசொல்ல கொயந்தய உள்ள வெச்சுப் பூட்டிகினு பூடறாரு. பாவம், அது தனியா பாடிகினு கீது.”

எந்தக் குழந்தை?

அவன் மகள் கனிஷ்கா இந்தப் படப்பை வீட்டு வாசலை மிதித்ததே இல்லை. விவாகரத்தானபோது பிள்ளை தாயிடம் என்று தீர்ப்பு. தாய் கனகலட்சுமிக்குப் பெங்களூரில் வேலை கிடைத்ததும் பிள்ளையும் மாநிலம் தாண்டிப் போய்விட்டது. தீர்ப்பை மாற்றச் சொல்லித்தான் இப்போது மனு. பிள்ளைக்குத் தனி அறை காட்ட வேண்டும் என்று வக்கீல் சொன்னதால், கம்பெனிப் பசங்களோடு இருந்த ஒரகடம் ரூமை விட்டுவிட்டு இந்த வீட்டைப் பிடித்தான். சின்னதாக ஒரு கட்டிலும் வாங்கிப் போட்டான்.

இன்றைக்கு மேடம் நல்லபடியாக எழுதினால் கனிஷ்கா வருவாள். இந்த அம்மா அதில் மண்ணை அள்ளிப் போடுகிறாளே!

வேல்ராஜ் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக மறுத்தான். கங்கம்மாள் விடவில்லை. இன்று காலையில் அவன் கம்பெனி பஸ் ஏறிய பிறகுகூடக் கேட்டதாகச் சொன்னாள். சூடம் அணைத்துச் சத்தியம் செய்வாள் போலிருந்தது.

மெர்சி மேடத்தின் முகம் மாறியது. தாய்க்குத் தெரியாமல் தூக்கி வந்துவிட்டானோ என்று அவருக்குச் சந்தேகம். உடனே கனகலட்சுமிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

அவள் அழுதுகொண்டிருந்தாள்.

பிள்ளை இங்கேதான் படுத்திருக்கிறாள், எழுப்பினால் எழும்ப மாட்டேன்கிறாள் என்றாள். கொஞ்ச நாளாகவே இப்படித்தானாம். ஒரு வாரம் ராத்திரி ஒழுங்காகத் தூங்குவாள். அடுத்த வாரம் விடிந்தும் கண் திறக்க மாட்டாள். அதற்கடுத்த வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்து படுத்தால் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்க மாட்டாள். எந்த டாக்டருக்கும் புரியவில்லை. இன்று மூச்சே லேசாகத்தான் வருகிறது.

வேல்ராஜுக்குப் புரிந்துவிட்டது.

போன வாரம் அவனுக்கு நைட் ஷிப்ட். இந்த வாரம் காலை ஷிப்ட். பாதியில் பர்மிஷன் போட்டு வந்திருந்தான். அடுத்த வாரம் மதியம்.

இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து, ஷிப்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் அந்தக் காலிக் கட்டிலைப் பார்த்து, அப்பா போயிட்டு வாரேன், இங்கயே இரு தாயி என்று சொல்லிவிட்டுத்தான் பூட்டுவான். ஏக்கத்தில் சொன்னது. அது பெங்களூர் வரைக்கும் கேட்கும் என்று யார் கண்டார்கள்?

தாயிடம் பிள்ளை நலமாக இல்லை என்று உங்களுக்குச் சாதகமாகவே எழுதலாம் போலிருக்கிறது என்றார் மெர்சி மேடம். வக்கீல் கேட்டால் துள்ளிக் குதிப்பார்.

வேல்ராஜ் பூட்டைத் திறந்து தான் மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

காலையில் தட்டி வைத்த தலையணையில் ஒரு சின்னக் குழி. தொட்டுப் பார்த்தான். சூடாக இருந்தது.

அம்மாட்ட போயிரு தாயி என்று மெதுவாகச் சொன்னான். வெளியே போனில் கனகலட்சுமி இன்னும் மகள் பேரைச் சொல்லிக் கதறிக்கொண்டுதான் இருந்தாள்.

கனிஷ்கா கெஞ்சினால் மசிகிற பிள்ளை இல்லை. அதட்டினால்தான் கேட்பாள். அவன் அவளை ஒரு நாளும் அதட்டியதில்லை. அது எப்போதும் கனகலட்சுமியின் வேலை. பல்லைக் கடித்துக்கொண்டு, வெளியே கேட்காதபடி அடிக்குரலில் அதட்டினான்.

“எந்திரி. இனிமே இங்க வரக் கூடாது.”

கதவுக்கு அந்தப் பக்கம் போனில் அழுகை சட்டென்று நின்றது. முழிச்சிட்டா, முழிச்சிட்டா என்று கனகலட்சுமியின் குரல். அதன் பின்னால் கனிஷ்கா தேம்பினாள்.

“அப்பா இனிமே வரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கம்மா.”