நாலே நகர்த்தலில்

"நாலே நகர்த்தல்ல ஆட்டம் முடிஞ்சிடும். அப்புறம் அழக் கூடாது" என்று சொல்லி, எடுத்த எடுப்பிலேயே ராணியைக் களத்தில் இறக்கினான் கணவன். செஸ் காய்களின் பேரையே மனைவி போன வாரம்தான் கற்றுக்கொண்டிருந்தாள்.

"அடுப்பைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று உள்ளே போய்த் திரும்பியவள், குதிரையை வைத்துத் தன் சிப்பாயைக் காப்பாற்றினாள். அவன் மந்திரியை நகர்த்தினான். மறுபடியும் அடுப்பு. வந்தவள் ஒரு சிப்பாயைத் தள்ளி ராணியை விரட்டினாள். ராணி வேறு பக்கம் பாய்ந்தால், அங்கேயும் இன்னொரு குதிரை வந்து குறுக்கே நின்றது.

அவனுக்குத் தலை சுற்றியது. "உங்க வீட்டுல யாராவது செஸ் ஆடுவாங்களா?"

"எங்க வீட்டைப் பத்தி இப்ப எதுக்கு? கல்யாணமாகி மூணு வருஷமாச்சு, எங்கப்பாவுக்கு நீங்க இன்னும் 'அந்த ஆள்'தான்" என்றபடி மறுபடி எழுந்தாள். "அடுப்பு..."

இன்று சாப்பாடு ஓட்டலிலிருந்து வருகிறது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பின்னாலேயே போனான். எரியாத அடுப்பின் பக்கத்தில் மனைவி போனோடு நின்றாள். ஸ்பீக்கரில் அவள் அப்பாவின் குரல்.

"ராணியை இவ்வளவு சீக்கிரம் வெளிய விடலாமா? முதல்ல குதிரை, மந்திரியை எடுத்து வைக்கணும், கோட்டை கட்டணும். மாப்பிள்ளைக்கு இதுகூடத் தெரியாதா? போனை அவர்கிட்ட குடும்மா, நானே சொல்றேன்."

மனைவி கண் கலங்கப் போனை நீட்டினாள்.

அவன் அதை வாங்கிக்கொண்டான்.

"மாமா... எந்தக் குதிரையை முதல்ல எடுக்கட்டும்?"