ஓடியாடிய கோழி

தொழிற்சாலைத் தொட்டியில் இறைச்சியாகவே விளையும் கோழிகள் எல்லாமே மாசு மருவில்லாமல் ஏ கிரேடாக வந்ததால், ஊரில் ஒருவரும் தொடவில்லை. தோல் கன்றி, இறக்கை பிசகியிருந்தால்தான் ஓடியாடி வளர்ந்த கோழி என்று நம்பினோம். பி கிரேடுக்குக் கடையில் அடிதடி.

என் மாப்பிள்ளை மாசிலாமணி கோழித் தொழிற்சாலையில்தான் தரம் பார்க்கிறார். தொட்டிக் கோழி தின்னமாட்டேன் என்று, கல்யாணமானதிலிருந்து நான் மகள் வீட்டில் கை நனைத்ததில்லை.

இந்தத் தடவை அவர் ஒரு முழுக்கோழியைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினார்.

"பாருங்க மாமா, நெஞ்சுல எப்படிக் கன்னிப்போயிருக்கு! வேலியில மோதி அடிபட்ட நிஜக் கோழி."

"எனக்காகவாவது சாப்பிடுங்கப்பா" என்றாள் மகள் செண்பகம். கண் கலங்கியிருந்தது.

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன். கன்றிய இடத்தின் நடுவே குட்டியாக ஒரு மயில் பதிந்திருந்தது. கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்கு நான் போட்ட மோதிரத்தில் இருக்கும் அதே மயில். மாப்பிள்ளை மெல்லக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நல்லா ஓடின கோழிதான். குழம்பு வைம்மா" என்றேன்.

வயிறாரச் சாப்பிட்டுக் கை கழுவும்போது அவர் காதில் மட்டும் சொன்னேன்:

"குத்தறப்ப மோதிரத்தைக் கழட்டிடுங்க, மாப்ளே. எல்லாக் கோழியும் மயில்கிட்டயே அடி வாங்கினா ஊரு நம்பாது."