மழை விடும் வரை

அந்தத் தோட்டத்துச் செடிகள் எதையும் இலை தூக்கித்தான் முடிவுசெய்யும். ஒருநாள் பேய்மழை பிடித்துக்கொண்டது. ஆளுக்கொரு யோசனை சொல்லிச் செடிகள் சண்டை போட்டன.

மூலையில் கிடந்த கறுப்புக் குடை, "நான் விரிஞ்சுக்கிறேன். மழை விட்டதும் மடங்கிடுவேன்" என்றது. சண்டையில் அலுத்துப்போன காசித்தும்பையும் இலையைத் தூக்கியது.

குடைக்கடியில் கனவுபோல இதமாக இருந்தது. காசித்தும்பை கண்ணயர்ந்தது.

வழிதவறி உள்ளே வந்த பட்டாம்பூச்சிதான் அதை எழுப்பியது. "வெளியே வெயில் கொளுத்துது. நீங்க எல்லாரும் ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கீங்க?"

காசித்தும்பை அண்ணாந்து பார்த்தது. "மழை விட்டுருச்சாமே?"

"இன்னும் இல்லை," என்றது குடை. "இருந்தாலும் முறைப்படி கேட்டுடறேன். நான் மடங்கணும்னு நினைக்கிறவங்க இலையைத் தூக்குங்க."

காசித்தும்பை முக்கி முனகிப் பார்த்தது. சோகை பிடித்த இலை எழும்பவில்லை.

"யாருமே தூக்கலையே," என்று பட்டாம்பூச்சியிடம் அன்பாகச் சொன்னது குடை.