வலப்பக்கம்

"வலது பக்கம் திரும்பிப் படுத்தா வீடே சுத்துது டாக்டர்" என்றாள் தமயந்தி. உட்காதில் கோளாறாக இருக்கும் என்று நினைத்த டாக்டர் இன்பசேகரன், அவளைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை வலப்புறம் திருப்பிப் பிடித்தபடி சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். கட்டில் விளிம்புக்கு வெளியே அவள் தலை அவருடைய இரண்டு கைகளில் தொங்கியது.

"கண்ண மூடாதீங்க. என் மூக்கையே பாருங்க."

காதுக்கோளாறு என்றால் கருவிழிகள் துடிக்கும். அவளுடையவை கிணற்றுத் தண்ணீர் போல அசையாமல் இருந்தன.

"இப்ப சுத்துது" என்றாள்.

ஆணியில் தொங்கிய காலண்டர் தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. மேசையிலிருந்து பேனா உருண்டு விழுந்தது. வெளியே யாரோ அலறினார்கள். டாக்டர் பதறி அவளைத் தூக்கி உட்காரவைத்ததும் எல்லாம் நின்றது. கதவைத் திறந்து பார்த்தார். காத்திருந்த பதினோரு பேரும் நாற்காலிகளை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"தூக்கத்துல திரும்பிடக் கூடாதுன்னு ஆறு மாசமா கைய கட்டிலோட கட்டிக்கிட்டுதான் படுக்கறேன்" என்று தமயந்தி தழும்பேறிய மணிக்கட்டைக் காட்டினாள். "இன்னைக்குக் காலையில முழிச்சுப் பாத்தா, முடிச்சு அவுந்து கெடக்குது டாக்டர்."