யானை ஆய்வுக்கு வந்த நாள்

காட்டுப் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறையில் நாரை விரிவுரையாளராக இருந்தது. துறையின் வாசல் சுவரில், "யாரையும் விட்டுவிட மாட்டோம்" என்று பெரிதாக எழுதியிருக்கும்.

அன்று அதிகாரி யானை துறையை ஆய்வு செய்ய வருவதாக இருந்தது. துறைத்தலைவர் மயில் நாரையைத் தனியே அழைத்தது.

"உங்க வகுப்பு மாணவன் அந்த ஆமை, பயிற்சிக்குப் பாடம் நடத்தினா திக்கித் திணறும். யானை போற வரைக்கும் அதைப் பின்னறையில வெச்சுப் பூட்டிடுங்க. உங்க வேலை இன்னும் நிரந்தரமாகல, ஞாபகம் இருக்கட்டும்."

நாரை பூட்டியது. அதன் பிறகு அதற்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

யானை வந்தது. சுவரில் இருந்ததை நிதானமாகப் படித்தது. பிறகு வகுப்பைப் பார்த்து, "மாணவர்கள் எல்லாரும் இருக்காங்களா?" என்று கேட்டது.

"எல்லாரும் இருக்காங்க ஐயா" என்றது மயில்.

யானை நாரையின் பக்கம் திரும்பியது. மயில் கண்ணெடுக்காமல் நாரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒருத்தர் இல்லை ஐயா. நான்தான் பூட்டி வெச்சேன்."

சொல்லிவிட்டு நாரை யாரையும் பார்க்காமல் பின்னறைக்கு நடந்தது. யானையும் பின்னாலேயே வந்தது.

கதவு திறந்ததும் ஆமை ஓட்டுக்குள்ளிருந்து மெல்லத் தலையை நீட்டியது.

"ம... மேடம், நான் சத்தமே போடலையே" என்றது.